கத்தியை நிறுத்திய புலி

ஒரு புலியைக் காட்டி ஓர் ஆபரேஷனையே நிறுத்திய மனிதன் இந்த உலகத்தில் நான் ஒருவன்தான். சிரிப்பவர்கள் சிரித்துக்கொள்ளலாம். என் மச்சானும் முதலில் சிரித்தவன்தான்.

என் பேத்திக்கு வயது ஏழு. வீட்டில் சுண்டெலி என்போம். அவள் அக்குளில் ஒரு கட்டி. முதலில் பட்டாணி, அப்புறம் எலுமிச்சை. நான் அக்கம்பக்கத்தில் சொன்ன கணக்கில் பூசணிக்காய். கூடவே விட்டுவிட்டுக் காய்ச்சல். வீட்டில் நாய், பூனை உண்டா என்று டாக்டரம்மா கேட்டபோது என் மகள், "எங்க வீட்டுல எறும்புக்குக்கூட இடமில்ல டாக்டர்" என்று அடித்துச் சொன்னாள். சுண்டெலி விட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கட்டியில் ஒரு துண்டு வெட்டியெடுத்து, புற்றுநோய் மாதிரிக் கெட்ட வியாதியா என்று மறுநாள் காலை பார்ப்பதாக முடிவாயிற்று. அதைக் கேட்டதிலிருந்து மகள் ஒரு வாய் சாப்பிடவில்லை.

சாயங்காலம் அவள் டாக்டரம்மாவைப் பார்க்கப் போனாள். ஆஸ்பத்திரிக் கட்டிலுக்குக் காவல் நானும் மச்சானும். அவன் என் மனைவியின் தம்பி. கணக்குத் தணிக்கை செய்து ஓய்வு பெற்றவன். சூரியன் கிழக்கே உதித்தது என்றால்கூட ரசீது கேட்பான். நானோ தீயணைப்பு வண்டி ஓட்டியவன். ரசீது கொடுத்துப் பழக்கமில்லை.

குழந்தையின் முகம் வாடிக் கிடந்தது. சட்டைக்கையைச் சுருட்டி என் தழும்பைக் காட்டினேன்.

"இது புலி போட்டது. தீயணைக்கப் போன இடத்துல வண்டி மேலயே பாஞ்சுது. ஒத்தைக் கையால அமுக்கி, குழாயைத் திறந்து குளிப்பாட்டி அனுப்பினேன்."

"அத்தான், அது அலமாரிக் கதவு கிழிச்சது" என்றான் மச்சான். "அக்கா திட்டிக்கிட்டே கட்டுப் போட்டா. நான் பக்கத்துலதான் நின்னேன்."

சுண்டெலி நிமிர்ந்து உட்கார்ந்தாள். "அப்ப தாத்தா புலி பொய்யி. என் புலிதான் நிஜம்."

முழுக்கைச் சட்டையின் கையை மேலே ஏற்றினாள். மணிக்கட்டுக்கு மேலே மெல்லிய கோடுகள், ஓரத்தில் காய்ந்த கொப்புளம். ரோஜா முள் என்று டாக்டரம்மாவிடம் அவள் சொல்லிவைத்த கோடுகள்.

"உன் புலி எவ்ளோ பெருசு?"

"உள்ளங்கைக்குள்ள அடங்கும். நம்ம மோட்டார் ரூம்ல இருக்கு. அம்மாகிட்ட சொல்லக் கூடாது, தூக்கிப் போட்ருவாங்க."

டாக்டரம்மா முதலில் கேட்ட கேள்வி அப்போதுதான் உறைத்தது. நான் எழுந்த வேகத்தில் நாற்காலி மூன்று குட்டிக்கரணம் போட்டது. தாழ்வாரத்தில் டாக்டரம்மாவும் மகளும் நின்றிருந்தார்கள்.

"கத்தியைக் கீழ வைங்க. எங்க மோட்டார் ரூம்ல புலி இருக்கு."

அவசரத்தில் பூனை என்ற சொல் வாயில் வரவில்லை. ஆயுசு முழுக்கப் புலி சொல்லியே பழகிய நாக்கு.

"அப்பா, இன்னைக்கு ஒரு நாளாவது உங்க கதைய நிறுத்துங்கப்பா" என்று மகள் அழுதேவிட்டாள். டாக்டரம்மா எனக்கு ரத்த அழுத்தம் பார்க்கச் சொன்னார். பிறகு பூனை, குட்டிப் பூனை என்று நான் தொண்டை கிழியக் கத்தியும் பயனில்லை. புலி எப்போது பூனையாயிற்று என்று நர்ஸ் கேட்டார். போர்வைக்குள் தலையை இழுத்துக்கொண்ட சுண்டெலியிடம் விசாரித்தால், ரோஜா முள். காலையில் கத்தி வரப்போகிறது, என்னை நம்ப ஓர் ஆள் இல்லை.

மச்சானையும் காணோம்.

ரத்தப் பரிசோதனை, பூனைக் கீறலால் வந்த காய்ச்சல் என்று அது சொன்னது, மாத்திரை, கட்டி வாரக்கணக்கில் கரைந்தது, கையைச் சோப்புப் போட்டுக் கழுவினால் குட்டி வீட்டிலேயே இருக்கலாம் என்று டாக்டரம்மா தீர்ப்புச் சொன்னது, எல்லாம் அப்புறம் நடந்தவை. அதற்கெல்லாம் முன்னால் மச்சான் திரும்பி வந்தான். இரண்டு தெரு தள்ளியிருக்கும் எங்கள் வீட்டு மோட்டார் ரூமுக்கு ஓடிப் போய், ஓடி வந்திருக்கிறான். தலையில் ஒட்டடை, புறங்கையில் புத்தம்புதிய ரத்தக் கோடுகள்.

டாக்டரம்மா அவனை ஏற இறங்கப் பார்த்தார். "நீங்களாவது சொல்லுங்க. இவர் சொல்றது உண்மையா?"

மச்சான் மூச்சு வாங்கினான். அந்த மனிதன் வாயிலிருந்து அந்த வார்த்தையைப் பிடுங்க எனக்கு முப்பது வருஷம் ஆயிற்று.

"உண்மைதான் டாக்டர். நானே பார்த்துட்டு வர்றேன். அத்தான் அளவுல மட்டும்தான் கொஞ்சம் கூட்டிட்டாரு."