இது ஓர் ஆளாக இருந்தால்

மூக்குக்கண்ணாடிக் கடைக்கு மேலே, இரண்டாவது மாடியில் இருந்த சந்தை ஆய்வு அலுவலகத்துக்குள், ஒரு புதன்கிழமை காலை, சலவைத்தூள் ஒன்று கதவைத் தள்ளிக்கொண்டு வந்து உட்கார நாற்காலி கேட்டது. இஸ்திரி போட்ட நீல முழுக்கைச் சட்டை அணிந்திருந்தது, ஐம்பது வயது மதிக்கலாம், குரல் தாழ்ந்திருந்தது. அதற்குச் சற்று முன்புதான், வட்டமாக உட்கார்ந்திருந்த பெண்களுக்கு நடுவே அந்தத் தூளின் பாக்கெட்டை வைத்து, இது ஓர் ஆளாக இருந்தால் எப்படிப்பட்ட ஆளாக இருக்கும் என்று கேட்டிருந்தார்கள். மூலையில் இருந்த ஒருத்தி இதே சட்டையையும் இதே குரலையும் சொல்லி முடித்து இன்னும் வாய் மூடவில்லை. நாற்காலி கொடுத்தார்கள். கண்ணாடிச் சுவருக்குப் பின்னால், தாங்கள் யார் கண்ணிலும் படாமல் மற்றவர்களைப் பார்த்தபடி பிஸ்கட் தின்றுகொண்டிருந்த கம்பெனி அதிகாரிகள், விளம்பரத்தில் நடிப்பவரைவிட இவர் பரவாயில்லை என்று ஏகமனதாக முடிவு செய்தார்கள். தேநீர் கொடுத்த பிறகு 'அது' என்பது மரியாதையாக இல்லை என்பதால், அன்றிலிருந்து எல்லோரும் 'அவர்' என்றே சொன்னார்கள்.

அந்த அலுவலகத்தின் தொழிலே இப்படிச் சுற்றி வளைத்துக் கேட்பதுதான். இந்தத் தூளை ஏன் வாங்குகிறீர்கள் என்று நேராகக் கேட்டால், நன்றாக வெளுக்கிறது என்பார்கள். எல்லாத் தூளும்தான் வெளுக்கிறது. ஆகவே பாதிச் சொற்றொடரைக் கொடுத்து மீதியை நிரப்பச் சொன்னார்கள். முகமில்லாத இரண்டு பேர் நிற்கிற படத்தைக் காட்டி, இவர்களுக்குள் என்ன பேச்சு என்று கேட்டார்கள். பக்கத்து வீட்டுக்காரி இதைப் பற்றி என்ன நினைப்பாள் என்று கேட்டார்கள். பக்கத்து வீட்டுக்காரியின் தலையில் போட்டு மனிதர்கள் சொல்லாத உண்மை கிடையாது. அலுவலகத் தலைவர் முன்பு ஓர் ஆஸ்பத்திரியில் மனநோயாளிகளுக்கு மைக்கறை அட்டைகளைக் காட்டி, இதில் என்ன தெரிகிறது என்று கேட்டுக்கொண்டிருந்தவர். ஆஸ்பத்திரிக்கும் சோப்புக் கம்பெனிக்கும் கேள்வி ஒன்றுதான், சம்பளம்தான் வேறு என்று கண்டுபிடித்து இங்கே வந்துவிட்டார். மைக்கறை சார் என்றுதான் அவரை அழைத்தார்கள். "நேராக் கேட்டா பொய்தான் வரும்மா. சாமான் மேல போட்டுக் கேளு, மனுஷன் தன்னையே கழட்டி வச்சிடுவான்" என்பது அவர் வாயில் எப்போதும் இருந்தது.

சலவைத்தூளுக்குப் பிறகு மற்றவையும் வரத் தொடங்கின. பற்பசை, ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியராக வந்து எல்லோரையும் வாயைத் திறக்கச் சொன்னது. ஆயுள் காப்பீடு, வீட்டோடு இருக்கும் மாப்பிள்ளையாக வந்து மூன்று வேளையும் சாப்பிட்டுவிட்டு, அவசரத்துக்குக் கூப்பிட்டால் காலில் சுளுக்கு என்றது. பேட்டரி ஒன்று டியூஷன் ஆசிரியை ஒருத்தியைக் கல்யாணம் செய்துகொண்டு கௌரவமாகக் குடித்தனம் நடத்தியது. மற்றவர்கள் பின் தெருவில் அறைகளை வாடகைக்குப் பிடித்தார்கள். லிஃப்டில் கூட்டம் அதிகமாகிறது என்று கட்டடக்காரர் முறையிட்டதைத் தவிர ஊரில் யாருக்கும் புகார் இல்லை.

ஒரு விஷயம் மட்டும் கொஞ்சம் நாள் கழித்துத்தான் பிடிபட்டது. வருகிறவர்கள், சொன்னதை மட்டும் கொண்டு வருவதில்லை. சொன்னவர் சொல்லாமல் விட்டதையும் சேர்த்தே கொண்டு வந்தார்கள். சமையல் எண்ணெயைக் கொழுகொழுவென்று சிரித்த முகத்துடன் ஒரு பெண் என்று சொன்னாள் ஒருத்தி. அந்தச் சிரித்த முகம் வந்து உட்கார்ந்து கையை நீட்டியபோது, மணிக்கட்டில் ஆறிப்போன தீக்காயம் இருந்தது. சொன்னவள் அதைப் பார்த்துவிட்டு, "அக்கா" என்று ஒரே ஒரு வார்த்தை சொல்லி மேஜையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டாள். அன்றைக்குக் கண்ணாடிக்குப் பின்னால் யாரும் பிஸ்கட்டைத் தொடவில்லை. எண்ணெயின் டப்பா நிறத்தை மாற்றலாம் என்று மட்டும் மறுநாள் தீர்மானித்தார்கள்.

இந்தக் கேள்விகளையெல்லாம் கேட்டவள் ஒரு பெண். கேள்விக்காரி என்று பெயர். எந்தப் பதிலுக்கும் அவள் ஆமாம் என்றோ அடடா என்றோ சொன்னதில்லை, புருவத்தைக்கூட உயர்த்தியதில்லை. பதில் நின்றால், "வேற?" என்பாள், அவ்வளவுதான். அந்த 'வேற'க்கு எதிரே வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்தவர்கள் யாரும் இல்லை, அவளுடைய கணவனைத் தவிர.

கணவன் லிஃப்ட் மெக்கானிக். அவர்களுக்கு ஒரு மகள் இருந்தாள். பள்ளிக்கூடத்தில் சேர்ந்த வருஷமே காய்ச்சலில் போய்விட்டாள். அன்று அவன் விடுப்பில் வீட்டில் இருந்தான், அவள் அறைக்குள் ஷாம்பு பற்றிக் கேட்டுக்கொண்டிருந்தாள். அறைக்குள் ஃபோன் கூடாது என்பது விதி. எல்லோருடைய ஃபோனும் வாசலில் ஒரு பிளாஸ்டிக் கூடையில் கிடக்கும். வெளியே வந்து எடுத்தபோது அவனிடமிருந்து தவறிய அழைப்பு ஒன்று இருந்தது. ஒன்றே ஒன்று. திரும்பக் கூப்பிட்டபோது ஆஸ்பத்திரியின் சத்தம் கேட்டது. அந்த அழைப்பை எடுத்திருந்தால் குழந்தை பிழைத்திருக்கும் என்று அவள் நினைத்தாள். அவனும் அப்படித்தான் நினைக்கிறான் என்று நம்பினாள். அவன் ஒருநாளும் அதைப் பற்றிப் பேசவில்லை. திட்டியிருந்தால்கூடத் தேவலை. ஏன் எடுக்கவில்லை என்று கேட்டிருந்தால் பதிலாவது சொல்லியிருக்கலாம்.

அவளாலும் நேராகக் கேட்க முடியவில்லை. நேராகக் கேட்கிற பழக்கமே அவளுக்கு விட்டுப்போயிருந்தது. வீட்டில் அவர்கள் பேச்சு ஒரு மாதிரியாக ஆகிவிட்டது. "உங்கள மாதிரி ஒருத்தர் இந்நேரத்துக்கு டீ குடிப்பாரா?" என்பாள் அவள். "குடிப்பாருன்னுதான் கேள்வி" என்பான் அவன். "மெக்கானிக்கா இருக்கிற ஒருத்தர் வீட்டுல குழாய் ஒழுகினா என்ன பண்ணுவாரு?" என்பாள். "பிளம்பரக் கூப்பிடுவாரு." இப்படியே, பேச்சில் மட்டும் இருந்த மூன்றாம் மனிதர்கள் இருவர் அந்த வீட்டில் மிகவும் இணக்கமாக வருஷக்கணக்கில் குடித்தனம் நடத்தினார்கள். பிறகு அவனுடைய கம்பெனி, வேறு ஊரில் பெரிய கட்டடம் ஒன்றின் லிஃப்டுகளைப் பார்த்துக்கொள்ள ஆள் கேட்டது. அவன் போகிறேன் என்றான். அவளையும் வா என்று சொல்லவில்லை, வராதே என்றும் சொல்லவில்லை. பெட்டியை இறக்கித் துடைத்து வைத்தான்.

அவன் கிளம்புவதற்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை, மத்தியானம் சாப்பிட்டு முடித்துத் தட்டுகளை எடுத்த பிறகு, அவள் மேஜையைத் துடைத்து, அதன் நடுவே அவனுடைய ஃபோனை வைத்தாள். அன்று அவளைக் கூப்பிட்ட அதே ஃபோன். அவன் அதை மாற்றவே இல்லை. அலுவலகத்தில் நடந்துகொண்டிருந்ததெல்லாம் அவனுக்குத் தெரியும். பேட்டரியின் வீட்டு விசேஷத்துக்கே இருவரும் போய்வந்திருந்தார்கள். ஆகவே மேஜையைப் பார்த்ததும் அவனுக்கு விஷயம் புரிந்துவிட்டது.

"வேணாம்" என்றான்.

"ஒரே கேள்விதாங்க. அப்புறம் நீங்க கிளம்பலாம்."

"வந்துட்டா என்ன பண்ணுவே?"

"நாற்காலி போடுவேன்."

வருகிறவளுக்குத் தன் முகமே இருக்கும் என்று அவளுக்கு நிச்சயமாகத் தெரிந்திருந்தது. அவன் சொல்லாமல் விழுங்கியதெல்லாம் தன்னைப் பற்றித்தான். அது தன் முகத்தோடு வந்து எதிரே உட்காரும். உட்கார்ந்து தன்னைப் பார்க்கும். அதைப் பார்க்காமல் மீதி வாழ்நாளைத் தள்ளுவது அதைவிடக் கஷ்டம் என்று முடிவு செய்துதான் மேஜையைத் துடைத்திருந்தாள். தொழில் குரலில், இது ஓர் ஆளாக இருந்தால் எப்படிப்பட்ட ஆளாக இருக்கும் என்று கேட்டாள்.

அவன் ஃபோனை வெகுநேரம் பார்த்தான். "ஆம்பளதான்" என்றான். அவள் அதை எதிர்பார்க்கவில்லை. ஆனாலும் புருவத்தை உயர்த்தவில்லை.

"வேற?"

"வயசானவன். இல்ல, வயசாகல. நடந்து நடந்து அப்படி ஆயிட்டான்."

"எங்க போறான்?"

"ஒரு சேதி சொல்லப் போறான். ஆனா போய்ச் சேரல. கதவுகிட்ட வந்துட்டு, தட்டலாமா வேணாமான்னு நிக்கிறான்."

"ஏன் நிக்கிறான்?"

"உள்ள இருக்கிறவங்க வேலையா இருப்பாங்க. போன தடவ ஒண்ணுமில்லாததுக்குத் தட்டிட்டான்னு அவன சத்தம் போட்டிருக்காங்க. இதுவும் ஒண்ணுமில்லாததாதான் இருக்கும்னு நினைக்கிறான். கொஞ்ச நேரத்துல சரியாயிடும்னு..."

அவன் அதோடு நிறுத்தினான். குழந்தை போவதற்கு முந்தைய மாதம் ஒருநாள், அவளுடைய இருமல் மருந்து எங்கே இருக்கிறது என்று கேட்கக் கூப்பிட்டவனை அவள் கடிந்துகொண்டது உண்மைதான். மருந்து அவன் கண் எதிரேயே அலமாரியில் இருந்தது. அவள் மறந்தே போயிருந்தாள். 'வேற' என்று கேட்க வாயெடுத்தாள். வாசல் கதவை யாரோ தட்டினார்கள்.

அவள்தான் போய்த் திறந்தாள். கசங்கிய சட்டையோடு ஒரு மனிதர் நின்றிருந்தார். மூச்சு வாங்கியது. செருப்பு அடிப்பக்கம் முழுதும் தேய்ந்து, பாதம் தரையில் பட்டுக்கொண்டிருந்தது. அவர் முகம் அவளுடையதாகவும் இல்லை, அவள் கணவனுடையதாகவும் இல்லை. தாமதமாக வருகிற எல்லோருக்கும் இருக்கிற முகம். அவர் அவளைப் பார்க்காமல் அவளுக்குப் பின்னால் மேஜையருகே உட்கார்ந்திருந்தவனைப் பார்த்து, "காலையிலேயே வந்திருக்கணும்" என்றார்.

அந்த வார்த்தைகளை அதற்கு முன் கேட்டவன் உலகத்தில் அவன் ஒருவன்தான். அன்று மருத்துவர் அவனைத் தனியாக வராந்தாவுக்குக் கூட்டிப் போய்ச் சொன்னது அது. காலையிலேயே வந்திருக்க வேண்டும், மத்தியானத்துக்கு மேல் எங்கள் கையில் ஒன்றும் இல்லை. அவன் காலையிலிருந்து ஃபோனைக் கையில் வைத்துக்கொண்டு, நெற்றியைத் தொட்டுப் பார்ப்பதும் ஈரத்துணி போடுவதுமாக உட்கார்ந்திருந்தான். அவளைக் கூப்பிட்டபோது எல்லாம் முடிந்துவிட்டிருந்தது. கூடையில் கிடந்த ஃபோனை அவள் எடுத்திருந்தாலும், எடுக்காமல் இருந்தாலும், சேதி ஒன்றுதான். அதை அவளிடம் சொன்னால் அவள் தன்னை மன்னிக்க மாட்டாள் என்று அவன் பயந்தான். சொல்லாததால், அவள் எடுக்காத ஓர் அழைப்பைத் தன் தலையில் சுமந்துகொண்டு திரிவதை இத்தனை வருஷம் பக்கத்திலிருந்து பார்த்தான். இரண்டையும் சேர்த்து அவனால் தாங்க முடியாமல்தான் வேறு ஊர் லிஃப்டைப் பார்த்துக்கொள்ளச் சம்மதித்திருந்தான்.

கேள்விக்காரி நாற்காலி போட்டாள். வந்தவர் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார். அவள் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். பிறகு கணவனுக்கு எதிரே உட்கார்ந்தாள். மருத்துவர் சொன்னதையும், தான் காலையிலிருந்து கூப்பிடாமல் காத்திருந்ததையும் அவன் இரண்டே வாக்கியத்தில் சொன்னான். அவளுக்குக் கோபம் வந்தது, அது உண்மை. வந்து, அந்த மனிதரின் தேய்ந்த செருப்பைப் பார்த்துக்கொண்டே இருந்து, கொஞ்சம் இறங்கியது; அதுவும் உண்மை. தன்னுடைய அந்தக் கடிந்த குரல் எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துப் பார்த்தாள்.

"நான் அவ்வளவு திட்டினேனா?" என்று கேட்டாள். வருஷங்களுக்குப் பிறகு அவள் அந்த வீட்டில் நேராகக் கேட்ட முதல் கேள்வி அது.

"திட்டினே. ஆனா அதுக்காக இல்ல. நான் பயந்தாங்கொள்ளி. அவ்வளவுதான்."

"வேற?"

அப்போதுதான் அவன் அழுதான். குழந்தை கடைசியாக என்ன கேட்டாள், எந்தப் பக்கம் திரும்பிப் படுத்தாள், எந்தப் பொம்மையை வேண்டாம் என்று தள்ளினாள் என்று, அவளுக்குத் தெரியாத அந்த நாள் முழுவதையும், காலையில் தொடங்கி ஒன்று விடாமல் சொன்னான். அவள் கேட்டுக்கொண்டே இருந்தாள், வந்தவரும் கேட்டுக்கொண்டிருந்தார். ஓரிடத்தில் அவன் திணறியபோது அவர் தம்முடைய தண்ணீர் டம்ளரை அவன் பக்கம் நகர்த்தி வைத்தார்.

பெட்டியைத் திரும்பப் பரண்மேல் ஏற்ற, உயரமான அந்த மனிதரே உதவினார். வேறு ஊர் லிஃப்டைப் பார்க்க வேறு யாரோ போனார்கள். செய்தி கேட்டு வந்து பார்த்த மைக்கறை சார், வீட்டில் கேட்டதற்கு அலுவலகம் பொறுப்பாகாது என்று சொல்லிவிட்டு, தேநீர் குடித்துவிட்டுப் போனார். வந்தவர் அந்த வீட்டிலேயே இருந்துவிட்டார். முன்னறையில் படுக்கை போட்டுக் கொடுத்தார்கள், புதுச் செருப்பு வாங்கிக் கொடுத்தார்கள். தெருவில் யார் என்று கேட்டவர்களிடம், "நம்ம வீட்டு ஆளுதான்" என்றான் கணவன். மூன்றாம் மனிதர் ஒருவர் நிஜமாகவே வந்துவிட்ட பிறகு, அவர்கள் இருவரும் மறுபடி நீ, நீங்கள் என்று பேசிக்கொண்டார்கள். சமயத்தில் பழைய காலம் மாதிரி சண்டையும் போட்டார்கள்.

அந்தத் தெருவில் எந்தக் குழந்தைக்கு உடம்பு சுடத் தொடங்கினாலும், பெற்றவர்கள் கவனிப்பதற்கு முன்பே, அவருக்கு எப்படியோ தெரிந்துவிடுகிறது. சாப்பாட்டில் கை வைத்திருந்தாலும் எழுந்துவிடுவார். ஓடிப்போய்க் கதவைத் தட்டுவார், திறக்கிறவரை தட்டுவார். உள்ளே இருப்பவர்கள் வேலையாக இருக்கிறார்களா, திட்டுவார்களா என்று யோசிப்பதில்லை. யாரும் திட்டுவதும் இல்லை. குழந்தையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுகிறார்கள். அவர் மூச்சு வாங்கத் திரும்பி வரும்போது சாப்பாடு ஆறியிருக்கும். கேள்விக்காரி அதைச் சூடு பண்ணி வைப்பாள்.

"நேரத்துக்குப் போயிட்டேன்" என்பார்.

"சரி, உட்காருங்க" என்பான் அவள் கணவன்.