நான்காவது இலக்கம்

1

இந்தக் கதையை நான் யோசித்துக் கண்டுபிடிக்கவில்லை. போன வியாழக்கிழமை அக்கா வீட்டுச் சாப்பாட்டு மேசையில், தண்ணீர்ச் செம்புக்கு அடியில் கிடந்தது. ஒரு துண்டுக் காகிதம். பென்சிலால் தேய்த்துத் தேய்த்துக் கறுப்பாக்கிய காகிதத்தின் நடுவில் வெள்ளையாக ஆறு இலக்கங்கள். அக்காவின் கணவர், நான் மாமா என்று கூப்பிடுகிறவர், தட்டில் கை வைக்காமல் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நாலாவது என்ன, மாப்ள?"

"மூணு."

"நல்லாப் பாரு."

"மூணுதான் மாமா."

"எட்டா இருக்கக் கூடாதா?"

இருபத்தாறு வருடமாக எண் பார்த்துச் சோறு தின்கிறவர் ஓர் எண்ணுக்காக என்னிடம் கெஞ்சியதை அன்றுதான் பார்த்தேன். எனக்குப் பாவமாக இருந்தது. அதே நேரத்தில் எனக்குள் இருக்கும் கதைக்காரன் சப்புக்கொட்டினான் என்பதையும் மறைக்க விரும்பவில்லை.

2

முதலில் எழுதிய தொடக்கம்: "காலைப் பனியைக் கிழித்துக்கொண்டு ஒரு பச்சை லாரி—" (பனி எங்கிருந்து வந்தது? அன்று மண்டையைப் பிளக்கும் வெயில். அடித்துவிட்டேன்.)

இரண்டாவது: "இரும்புக்கும் தன் பிறந்த நாள் நினைவிருக்கும், அதைத் தடவிக் கேட்கத் தெரிந்தவர்—" (மாமா இதைப் படித்துவிட்டு, "இரும்புக்கு ஒரு மண்ணும் நினைவிருக்காது, அதனாலதான் நம்பர் அடிக்கிறாங்க" என்றார். அதுவும் போயிற்று.)

ஆகவே விஷயத்தை நேராகவே சொல்லிவிடுகிறேன். ராணுவம் வேண்டாமென்று கழித்த லாரிகள் ஏலத்துக்கு வரும். வாங்கியவர் அதைத் தெருவில் ஓட்ட வேண்டுமானால், அது எந்த வருடம் பிறந்தது, அதன் வரிசை எண் என்ன என்று ஒருவர் பார்த்து எழுதி முத்திரை குத்த வேண்டும். அந்த ஒருவர்தான் மாமா. கேட்க எளிதாகத்தான் இருக்கிறது. டேஷ்போர்டில் தகடு இருக்கிறதே, பார்த்து எழுத வேண்டியதுதானே என்று நானும் ஒரு காலத்தில் கேட்டேன்.*

* தகட்டை நம்பினால் கெட்டோம். ராணுவப் பணிமனையில் பத்து லாரிகளை மொத்தமாகக் கழற்றிப் போட்டு மறுபடி பூட்டுவார்கள். இதன் இன்ஜின் அதற்குப் போகும், அதன் கியர்பாக்ஸ் இதற்கு வரும். பூட்டிய தேதியைப் புதுத் தகட்டில் அடித்து ஒட்டிவிடுவார்கள். மாறாதது அடிச்சட்டம் ஒன்றுதான். முன்சக்கரத்துக்குப் பக்கத்தில், பச்சைப் பெயின்ட் நாலைந்து பூச்சுக்குக் கீழே, அதில் அடித்த எண் இருக்கும். எந்த வருடம் எந்த எண்ணோடு முடிந்தது என்று மாமாவிடம் ஒரு நோட்டு உண்டு. எண் கிடைத்தால் வயது கிடைத்துவிடும்.

3

இப்போது லாரியின் சொந்தக்காரப் பெண்மணி வர வேண்டும். முதல் வரைவில் அவரைக் கணவரை இழந்தவராக எழுதியிருந்தேன். அக்கா படித்துவிட்டுத் தாளைக் கீழே வைத்தாள்.

"அவ புருஷனை ஏன்டா சாகடிச்ச?"

"படிக்கிறவங்களுக்கு இரக்கம் வரணும்ல."

"அதுக்கு அந்த மனுஷன் என்னடா பண்ணான்? அவர்தான் ஹோஸ் பைப்பைப் பிடிக்கிறவரு. அவர் இல்லன்னா தண்ணிய யாரு ஊத்துவா?"

சரி, உயிரோடு இருக்கட்டும். பதினெட்டு வருடம் பள்ளிப் பேருந்து ஓட்டிய அந்தப் பெண்மணி ஏலத்தில் ஒரு பழைய ராணுவ லாரியை எடுத்து, பின்னால் தொட்டி ஏற்றி, குழாய்த் தண்ணீர் ஏறாத மேட்டுத் தெருக்களுக்குக் குடிநீர் கொண்டுபோகிறார். மற்ற லாரிகள் பாதி மேட்டில் மூச்சு வாங்கி நின்றுவிடும். இது ஒன்றுதான் தொட்டி நிறைய நீரோடு உச்சிவரை போகும். கணவர் குழாயை இழுத்துக்கொண்டு வீடு வீடாகப் போவார். இதுவரை ஓடியது தற்காலிக அனுமதியில். முப்பது வயதைத் தாண்டிய வண்டி குடிநீர் ஏற்றக் கூடாது என்பது விதி.

போன செவ்வாய்க்கிழமை மதியம், நிறைந்த தொட்டியோடு மாமாவின் ஷெட்டுக்கு வந்து இறங்கி, லாரியைத் தட்டிக் காட்டினார்.

"அண்ணே, பொம்பளைகிட்ட வயசு கேட்டாத்தான் தப்பு. இவகிட்ட தாராளமாக் கேளுங்க."

மாமா சிரித்துவிட்டார். அவர் சிரிப்பது அபூர்வம். (இதைக் கூட்டி எழுதவில்லை. அக்காவே ஒப்புக்கொள்கிறாள்.)

4

இந்தப் பகுதியை எழுதத்தான் நான்கு நாளாக இழுத்தடிக்கிறேன்.

அடிச்சட்டத்தில் பெயின்ட்டை எடுக்க ஒரு முறை இருக்கிறது. மருந்து தடவி, இரண்டு மணி நேரம் ஊறவிட்டு, பழைய துணியால் ஒற்றி எடுக்க வேண்டும். எண் மீது உப்புத்தாள் படவே கூடாது. ஷெட் சுவரில் மாமா கைப்படவே எழுதி ஒட்டியிருக்கிறார்: "தேய்க்காதே." வேலைக்கு வருகிற எல்லோரும் அதைப் பார்த்துச் சலித்துப்போனவர்கள்.

மாமா மருந்தைத் தடவிவிட்டு, இரண்டு மணி நேரம் ஆகும் என்றார்.

"ரெண்டு மணி நேரமா? மேல எல்லாரும் குடத்தோட நிக்கிறாங்கண்ணே. காலையிலயே ஒரு நடை தவறிப்போச்சு."

அந்தப் பெண்மணி அவசரப்படுத்தவில்லை. சொன்னார், அவ்வளவுதான். சொல்லிவிட்டு நிழலில் போய் நின்றுகொண்டார். அவர் கணவர் தொட்டியின் வால்வில் சொட்டிய தண்ணீரைக் கையில் பிடித்து முகம் கழுவினார். மாமா சுற்றும் முற்றும் பார்த்தார். உப்புத்தாளை எடுத்தார். இளகிய மனசு என்று சொல்லலாம். அவசரப் புத்தி என்றும் சொல்லலாம். அக்கா இரண்டையும் சொல்கிறாள்.

நாலே இழுப்பு. ஐந்து இலக்கங்கள் பளிச்சென்று வந்தன. நான்காவது இலக்கத்தின் இடது பக்கம் ஏற்கெனவே துருவேறிப் பொரிந்திருந்தது. தாள் அதையும் வாரிக்கொண்டு வந்துவிட்டது. மிஞ்சியது வலப்பக்க வளைவுகள் மட்டும். பார்த்தால் மூன்று. ஆனால் எட்டின் இடப்பக்கத்தைச் சுரண்டினாலும் மிஞ்சுவது மூன்றுதானே? அங்கே என்ன இருந்தது என்பது அந்த உப்புத்தாளுக்குத்தான் தெரியும். அழிந்த எண்ணை வரவழைக்கும் அமிலத்தையும் ஊற்றிப் பார்த்தாயிற்று. துரு தின்ற இடத்தில் ஒன்றும் வரவில்லை. காகிதத்தை வைத்துப் பென்சிலால் தேய்த்து அச்செடுத்ததிலும் மூன்றுதான் விழுந்தது.

எட்டு என்றால் லாரிக்கு வயது இருபத்தெட்டு. மூன்று என்றால் முப்பத்துமூன்று.

"என்னண்ணே வந்துச்சு?"

"தெளிவா இல்லம்மா. திங்கக்கிழமை ஆபீசுக்கு வாங்க, சொல்றேன்."

"நீங்க பாத்தா சரியாத்தான் இருக்கும்" என்று சொல்லிவிட்டு மேட்டுக்குக் கிளம்பினார். மாமாவுக்குச் சோறு இறங்காமல் போனது அந்த ஒரு வார்த்தையால்தான்.

5

மாமா நிரப்ப வேண்டிய படிவத்தில் எண்ணின் நிலை பற்றி மூன்று கட்டங்கள்: தெளிவு, தெளிவில்லை, சிதைக்கப்பட்டது.

'தெளிவு' என்று போட்டு எட்டு எழுதலாம். வண்டி பிழைக்கும். ஆனால் மாமா அறியாத ஒன்றை அறிந்ததாக எழுதியிருப்பார். 'தெளிவில்லை' என்றால் இருப்பதில் கூடுதலான வயதையே எடுத்துக்கொள்வார்கள். லாரி உடைப்புக்குப் போகும். 'சிதைக்கப்பட்டது' என்றால், சொந்தக்காரர்தான் சிதைத்தார் என்று வண்டியைப் பிடித்துவைப்பார்கள்.

இந்த மூன்றுக்கும் மாமாவின் முத்திரை வேண்டும்.

நான்காவதாக ஒரு வழி உண்டு. படிவத்தின் அடியில் 'குறிப்பு' என்று ஒரே ஒரு வரி. சிதைத்தது பரிசோதகர் என்று அவரே எழுதிக் கையெழுத்துப் போட்டால், மூன்று பேர் வந்து வண்டியை முதலிலிருந்து பார்ப்பார்கள். அதுவரை வண்டி ஓடலாம். அந்தப் பெண்மணிக்கு ஒரு வாய்ப்பாவது கிடைக்கும். மாமாவின் வேலை போகும். இந்தக் குறிப்புக்கு முத்திரை தேவையில்லை, கையெழுத்து போதும்.

6

எழுதுகிறவன் என்ற முறையில் எனக்கு ஒரு சௌகரியம் இருக்கிறது. அடுத்த வாக்கியத்திலேயே, இருக்கைக்கு அடியிலிருந்து பழைய ராணுவப் பதிவேடு ஒன்றை எடுத்து நீட்டலாம். நீட்டியும் பார்த்தேன்: "தோலுறை கிழிந்த அந்தப் பதிவேட்டின் முதல் பக்கத்தில், தெளிவாக, எட்டு என்று—"

மாமா என் தோளுக்குப் பின்னால் நின்று படித்துக்கொண்டிருந்தார்.

"மாப்ள, அந்த சீட்டுக்கு அடியில நான் பாத்துட்டேன். ஒரு ஸ்பேனரும் காஞ்சுபோன துணியும்தான் இருந்துச்சு."

"கதைதானே மாமா."

"நீ கதையில கண்டுபிடிச்சுடுவ. நான் எங்க போய்த் தேடுறது?"

அடித்துவிட்டேன்.

இன்னொரு முடிவில் அவர் எட்டு என்று எழுதுகிறார். மேட்டுத் தெருவில் தண்ணீர் கொட்டுகிறது, எல்லோரும் சிரிக்கிறார்கள். அவரையே வாசிக்கச் சொன்னேன். நன்றாக இருக்கிறது என்றார். வேறொன்றில் குறிப்பை எழுதிவிட்டு நிமிர்ந்து நடக்கிறார். அதையும் வாசித்தார். இரண்டு தாள்களையும் மடித்து என் கையில் கொடுத்தார்.

"முடிவு எழுதாதடா. நீ எழுதிட்டா, நான் அதையே பண்ணிடுவேன். அப்புறம் நீதான் பண்ண வச்சன்னு சொல்லிடுவேன்."

இத்தனை வருடத்தில் ஒருவரும் என் எழுத்தைப் பார்த்து இப்படிப் பயந்ததில்லை. எனக்குப் பெருமைப்படத் தோன்றவில்லை. கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன்.

7

இதோ, திங்கட்கிழமை காலை ஒன்பதரை. அக்கா வீட்டில் அதே மேசையில் இருந்து எழுதுகிறேன். மாமா சட்டையை மாட்டிக்கொண்டு, படிவக் கட்டின் மேல் தாளில் குனிந்து எதையோ எழுதினார். பேனா பாதியில் நின்றது. அந்தத் தாளை மட்டும் கட்டிலிருந்து கிழித்தெடுத்துப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

"முடிச்சிட்டியா?" என்றார்.

"இல்ல மாமா."

"நல்லது" என்று சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டினார்.

அவர் படியிறங்கியதும் கட்டில் அதற்கு அடியில் இருந்த தாளை எடுத்து, அவரிடம் கற்றபடியே, பென்சிலைச் சாய்த்து மெல்லத் தேய்த்தேன். (தப்புதான். உங்களுக்காகத்தான் செய்தேன் என்று சொன்னால் நம்புவீர்களா?) கறுப்புக்குள் வெள்ளையாக எழுத்துகள் எழும்பின: "இதைத் தேய்த்தது வண்டியின் சொந்தக்காரர் அல்ல. தேய்த்தது". அதற்குமேல் ஒன்றுமில்லை.

அக்கா பக்கத்தில் வந்து படித்தாள். சேலை முனையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"மிச்சத்த நீ எழுதித் தொலைச்சிடாத."

அப்போதுதான் மேசையில் தண்ணீர்ச் செம்புக்குப் பக்கத்தில் அதைப் பார்த்தேன். முத்திரைப் பெட்டி. இருபத்தாறு வருடமாக அது இல்லாமல் அவர் வாசல் தாண்டியதில்லை.

"அக்கா, மறந்துட்டுப் போறார்!"

அக்கா பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தாள். இன்று என்ன எழுத வேண்டும் என்ற பதற்றத்தில் மறந்தாரா, வேண்டாமென்று வைத்துவிட்டுப் போனாரா என்று அவளுக்கும் தெரியவில்லை.

மேட்டில் லாரி ஏறும் சத்தம் கேட்கிறது. அந்தப் பெண்மணி முதல் நடையை முடித்துவிட்டு ஆபீசுக்குப் போவார். மாமா நிதானமாக நடக்கிறவர், இன்னும் தெருமுனையைத் தாண்டியிருக்க மாட்டார். கூப்பிட்டால் கேட்கும் தூரம்தான்.

நான் பேனாவை வைத்துவிட்டேன். பெட்டி உங்களுக்கு எட்டும் இடத்தில் இருக்கிறது. எடுத்துக்கொண்டு அவர் பின்னால் ஓடுவதானால், இப்போதே ஓடுங்கள்.