இளவரசன் வீட்டை விசாரித்த கதை

"மகள் விரும்பிற பெடியன்ரை பூட்டனுக்குத் தேப்பன் ஜெர்மனியிலை இளவரசனாம்," என்று மனைவி யோகராணி சொன்னதும் அருள்நாயகம் தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். கனடாவில், ஸ்காபரோவில் முப்பத்தைந்து வருசம் இருந்த மனுசனுக்கு இது புதுக் கதையே இல்லை. ஊரில் பிளேன் ஏறும்போது சும்மா ஆளாக இருந்தவனெல்லாம் இங்கே வந்து இறங்கும்போது உடையார் பரம்பரையாகியிருந்தான்.

"வெள்ளைக்காரனும் எங்கடை ஆக்கள் மாதிரித்தான் புளுகிறான்," என்றார்.

மகள் அனோஜாவுக்கு முகம் சிவந்தது. "பீலிக்ஸ் புளுகேல்லை அப்பா. நான் கேட்டதாலைதான் சொன்னவன். கலியாணத்துக்கு ஹோல் புக் பண்ணவேணும். நீங்கள் ஓம் எண்டாலும் இல்லை எண்டாலும் நான் அவனைத்தான் கட்டுவன். ஆனா நீங்கள் வந்து முன்னுக்கு நிக்கவேணும். அதைத்தான் கேக்கிறன்."

"விசாரிக்காமல் நான் ஒரு சபையிலும் நிக்கமாட்டன்."

"ஆரிட்டை விசாரிப்பியள்? அந்த இளவரசன் செத்து நூறு வருசத்துக்கு மேலை."

"ஆள் செத்தால் என்ன, ஊர் சாகேல்லைத்தானே."

சம்பந்தம் பேசினால் விசாரிக்காமல் விடுகிறதில்லை, அவ்வளவுதான். பெடியன் சொல்வதையோ அவன் தாய் தேப்பன் சொல்வதையோ அருள்நாயகம் கணக்கில் எடுப்பதில்லை. அந்த ஊர்ச் சனம் என்ன சொல்லுது என்பதுதான் அவருக்குப் பேச்சு. யோகராணியின் தம்பி மகேஸ்வரன் ஜெர்மனியில் இருந்தது வசதியாய்ப் போயிற்று. இளவரசனின் ஊரான கிறாபன்பெல்ட் அவனுக்கு ஒரு மணித்தியால ரயில் ஓட்டந்தான். ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்த்துவிட்டு அங்கிருந்தே போன் எடுத்தான்.

"அத்தான், கதை உண்மைதான். பேர் தியோடோர். இந்த நாட்டை ஆண்ட பெரிய இளவரசன்ரை மூண்டாவது மகன்."

"நாடு எவ்வளவு பெரிசு?"

"விடிய நடக்க வெளிக்கிட்டால் மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்னம் மற்றக் கரை வந்திடும்."

"அப்ப எங்கடை ஸ்காபரோ பெரிசு." அருள்நாயகத்துக்கு அதில் ஒரு திருப்தி. "குடும்பத்திலை விசர், வருத்தம்?"

"இல்லை."

"குடி?"

"பியர் குடிக்கிறவராம். இஞ்சை அதைக் குடியிலை சேர்க்கிறதில்லை அத்தான்."

"கலியாணம்?"

"அதிலைதான் பிரச்சினை. அரண்மனைக்குப் பின்தெருவிலை பேக்கரிக்காரன்ரை மகளை விரும்பியிட்டார். தேப்பன்காரன் பெரிய இளவரசன், ஆள் விட்டு விசாரிச்சவராம்."

அருள்நாயகம் நிமிர்ந்து இருந்தார். "நல்ல மனுசன். முறை தெரிஞ்சவன். ஆக்கள் என்ன சொன்னவை?"

"தங்கமான சனம், ஒரு குறையும் இல்லை எண்டு. அப்பவும் மாட்டன் எண்டிட்டாராம். தியோடோர் பட்டத்தை எழுதிக் குடுத்திட்டு அவளைக் கட்டினவர். மாமன்ரை பேக்கரியிலை பாண் சுட்டு ஏழு பிள்ளையள் வளர்த்தவர். தேப்பன் கலியாணத்துக்கும் போகேல்லை, ஒரு பேரப்பிள்ளையைத் தூக்கவும் இல்லை. ஆனா ஒவ்வொரு நாளும் அந்தப் பேக்கரிப் பாண்தான் ஆள் விட்டு வாங்கித் திண்டவராம்!"

ஸ்பீக்கரில் கேட்டுக்கொண்டிருந்த யோகராணி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

"அரண்மனை இப்ப மியூசியம் அத்தான். வாசலிலை தியோடோரும் மனுசியும் ஏழு பிள்ளையளும் பெரிய படமாய் நிக்கினம். தேப்பன்ரை படத்தைத் தேடித்தான் பிடிச்சனான். கக்கூசுக்குப் போற வழியிலை கொழுவிக் கிடக்கு."

"ஆர் உதை அங்கை கொழுவினது?"

"அவற்றை பேரப்பிள்ளையள்தானாம்."

அருள்நாயகம் போனை வைத்தார். "விசாரிச்சுப் போட்டு, நல்ல சனம் எண்டு தெரிஞ்ச பிறகும் மாட்டன் எண்டால், பிறகு என்னத்துக்கு விசாரிச்சவன், விசரன்?" என்று சுவருக்குச் சொன்னார்.

"பீலிக்ஸின்ரை ஆக்களைப் பற்றி உங்களுக்கு என்ன சொன்னவை?" என்றாள் யோகராணி. "குறை ஏதும்?"

"சும்மா இரப்பா."

பின்னேரம் பீலிக்ஸ் வந்தான். அனோஜா பழக்கிவிட்டபடி "வணக்கம் அங்கிள்" என்றுவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நின்றான். கக்கத்தில் ஒரு கடதாசிப் பை. உள்ளே அவனே சுட்ட பாண். அருள்நாயகம் ஒரு துண்டு பிய்த்து வாயில் போட்டு, சந்தேகத்தோடு சப்பி, இன்னொரு துண்டு பிய்த்தார்.

"இவனுக்குச் சொல்லு," என்றார் மகளிடம். "ஹோலை புக் பண்ணச் சொல்லு. நான் வருவன், முன்வரிசையிலை நிப்பன். ஆனா ஒரு கண்டிசன்."

அனோஜா பயந்துபோய்ப் பார்த்தாள்.

"உங்கடை வீட்டிலை என்ரை படம் கொழுவுறதெண்டால் வாசல்லை கொழுவவேணும். கக்கூசுப் பக்கம் கொண்டுபோனியளோ, செத்தாலும் வந்து கழட்டுவன்."