ஆயிரம் வாட்

"போதும்ப்பா. கணக்குப் போட்டுப் பாத்துட்டேன்" என்று என் கையிலிருந்த பெட்டியை வாங்கிக் கடை மேசைமேல் வைத்தாள் மகள். நான் மறுபடியும் எடுத்தேன். பவர் சப்ளையாம், கம்ப்யூட்டரின் எல்லா பாகங்களுக்கும் மின்சாரம் கொடுப்பது இதுதானாம். ஆனால் கையில் எடையே தெரியவில்லை. அதுதான் எனக்கு உறுத்தியது.

நான் லிப்ட் மெக்கானிக். எட்டுப் பேர் ஏறும் பெட்டிக்கு எட்டுப் பேரை மட்டும் தாங்கும் கயிறு போட்டால் என் சீட்டைக் கிழித்துவிடுவார்கள். பல மடங்கு தாங்க வேண்டும். 'போதும்' என்பது எங்கள் தொழிலில் கெட்ட வார்த்தை. வாசல் கதவுக்கு மூன்று தாழ்ப்பாள் போடுகிறவனோடு குடித்தனம் நடத்த முடியாது என்று அவள் அம்மா தனியாகப் போய்விட்டாள். மகள் மட்டும் சனிக்கிழமைகளில் வருவாள், பொழுது சாய்வதற்குள் கிளம்பிவிடுவாள். ஒரு ராத்திரி தங்கினால் என்ன என்று போன மாதம் வாய்விட்டே கேட்டேன். "உன் வீட்ல என்னப்பா இருக்கு, சுவத்தையா பாத்துக்கிட்டு உக்கார்றது? கேம் ஓடுற கம்ப்யூட்டர் வாங்கு, தங்குறேன்" என்றாள். விளையாட்டுக்குச் சொன்னாளோ என்னவோ, நான் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன்.

என்னால் முடிந்த தொகைக்குள் அடங்கும்படி எல்லாவற்றையும் அவள்தான் தேடித் தேடி முடிவு செய்திருந்தாள். பெரும்பங்கு கிராபிக்ஸ் கார்டுக்கு. படம் திக்காமல் ஓடுவது அதை வைத்துத்தான். மற்றதிலெல்லாம் இழுத்துப் பிடித்திருந்தாள். எனக்கோ கடையில் இருப்புக் கொள்ளவில்லை. வாசலுக்குப் போனேன், திரும்பி வந்தேன், அலமாரியில் இருந்த ஆயிரம் வாட் பவர் சப்ளையைத் தூக்கிப் பார்த்தேன். செங்கல்லாகக் கனத்தது. மனசு கொஞ்சம் அடங்கியது.

அவள் கீபோர்டுகளைத் தட்டிப் பார்க்கப் போன நேரம் பார்த்து, இதையே போடச் சொன்னேன்.

"பட்ஜெட் இடிக்குமே சார்" என்றார் கடைக்காரர்.

"கார்டைக் கொஞ்சம் சின்னதா போட்டுடுங்க."

"பாப்பாவ ஒரு வார்த்தை கேட்டுக்கலாமே."

"நான் சொல்லிக்கிறேன்."

சொல்லவில்லை. வழியெல்லாம் வாய் வரை வந்து வந்து போனது. வீட்டில் பெட்டிகளைப் பிரித்தபோதுதான் அவள் பார்த்தாள். கத்தியிருந்தால் தேவலாம்.

"இது என்னப்பா லிப்டா, அறுந்து விழறதுக்கு?"

"பின்னாடி பெரிய கார்டு வாங்கினாலும் இது தாங்கும்மா."

"பின்னாடின்னா எப்போ? அடுத்த வருஷம் காலேஜுக்கு நான் எந்த ஊர்ல இருப்பேனோ."

அவள் ஒவ்வொரு பாகமாகப் பூட்டினாள். நான் டார்ச் பிடித்தேன். என் கண் அவள் முகத்துக்குப் போக, வெளிச்சமும் கூடவே போனது. "நேரா பிடி" என்றாள்.

கம்ப்யூட்டர் உயிர் பெற்றது. இருப்பதிலேயே மட்டமான படத்தரத்தில் வைத்து விளையாட ஆரம்பித்தாள். வாளேந்திய வீரன் ஒருவன் ஓடினான். ஓடினான் என்று சொல்ல முடியாது, இரண்டடி வைத்து நின்றான், மறுபடி இரண்டடி வைத்தான். அவள் முகத்தைப் பார்க்கப் பயந்து அறைக்குள் குறுக்கும் நெடுக்கும் நடந்துகொண்டிருந்தேன். சன்னலில் வெளிச்சம் மங்கியது. மேசைமேல் அவள் போன் அடித்தது. அம்மா என்று வந்தது. கூட்டிப்போகக் கீழே வந்திருப்பாள்.

நான் நடப்பதை நிறுத்தினேன். போன் அடித்துக்கொண்டே இருந்தது. திரையில் அந்த வீரன் தூக்கிய கால் தூக்கியபடி அந்தரத்தில் நின்றான். மவுஸின் மேல் இருந்த அவள் கை போனை எடுக்க நகரவில்லை.