திருகு முடுக்கிய பாட்டு

தேங்காய் மட்டையைத் தூக்கித் தூக்கி மெசினுக்குள் போட்டதில், தமிழ்ச்செல்விக்கு வலது தோள்பட்டை கழன்று தொங்குவதுபோல் இருந்தது. பஸ் கம்பியை இடது கையால் பிடித்துக்கொண்டாள். நார் மில்லில் காலை ஷிப்டு முடிந்ததும், குளிக்கக்கூட நேரமில்லாமல் அவளும் முனீஸ்வரியும் வாடிப்பட்டியில் ஏறியிருந்தார்கள். இருவர் தலையிலும் நார்த்தூசி.

பின் சீட்டில் ஒருவன் போனில் அந்தப் பாட்டு ஓடியது.

"கரண்டு போன ஊருக்குள்ள
கண்ணு ரெண்டும் லைட்டு மச்சான்..."

உருமியும் பேஸ் கிட்டாரும் ஒன்றையொன்று துரத்த, மேலே கீச்சென்று ஒரு குரல். பஸ்ஸில் பாதிப்பேர் தலையாட்டினார்கள்.

"இது இவ பாடுனது" என்றாள் முனீஸ்வரி கண்டக்டரிடம்.

"அப்ப கிட்டார் வாசிச்சது நான்தான். அது பச்சப்புள்ள குரலு, அக்கா. உள்ள தள்ளி நில்லுங்க."

பஸ் சிரித்தது. மில்லிலும் இப்படித்தான் சிரித்தார்கள். அது தன் குரல் என்று ஒருத்தராவது ஒத்துக்கொள்ள வேண்டும். அதற்காகத்தான் தோள்வலியோடு கிளம்பியிருந்தாள்.

முப்பது வருசத்துக்கு முன்னால் வாடிப்பட்டியில் மின்னல் இசைக்குழு என்று ஒன்று இருந்தது. கேசியோ, பேஸ் கிட்டார், உருமி. டீக்கடையிலும் குழாய் ஸ்பீக்கரிலும் அவர்கள் கேசட்தான். தமிழ்ச்செல்வி ஒரே ஒரு நாள் போய் இந்தப் பாட்டைக் கேசட்டுக்குப் பாடினாள். மேடைக்கு வீட்டில் விடவில்லை. கேசட் அட்டையில் குழுவின் பேர் மட்டும் போட்டார்கள். பிறகு சிடி வந்தது. திருவிழாவுக்குச் சினிமாப் பாட்டுதான் வேண்டும் என்றார்கள். கிட்டார்க்காரர் பேச்சிமுத்து லோடு ஆட்டோ வாங்கினார். போன வருசம் யாரோ பழைய கேசட்டை நெட்டில் ஏற்றிவிட, இப்போது கல்யாணம், காதுகுத்து, காலேஜ் விழா, எங்கும் அதே பாட்டு. பாடியவர் என்ற இடத்தில், 'பெயர் தெரியாத சிறுமி'.

வில்லாபுரத்துக் கல்யாண மண்டபத்தில் டிஜே ஆட்டத்துக்கு ஞாயிறு மதியமே கூட்டம் பிதுங்கியது. எல்லாம் இளவட்டம். தல்லாகுளத்துப் பையன் சித்தார்த் மேடையில் பாட்டுகளை வெட்டி ஒட்டி ஓடவிட்டுக்கொண்டிருந்தான். பேச்சிமுத்து கடன் வாங்கிய கிட்டாரோடு நின்றார். அவர்தான் இவளை வரச் சொன்னவர்.

"இதாம்ப்பா அந்தக் குரலு" என்றார்.

சித்தார்த் அவளைப் பார்த்தான். மரியாதையாகத்தான் மைக்கை நீட்டினான். "பாடுங்கம்மா."

பாட்டு ஓடியது. தமிழ்ச்செல்வி பாடினாள். கேசட்டுக் குரல் மேலே எங்கோ பறந்தது. இவள் கனத்த குரல் கீழே தடுமாறியது. பேச்சிமுத்துவின் கிட்டாரும் எங்கும் ஒட்டவில்லை.

"பாட்டி, ரெஸ்ட் எடுங்க" என்று முன்னால் ஒருவன் கத்தினான்.

"உங்கப்பன் ஆடுன பாட்டுடா இது" என்றாள் முனீஸ்வரி கீழேயிருந்து. "அவன் போயி ரெஸ்ட் எடுக்கட்டும்."

தமிழ்ச்செல்விக்கு முகம் சுண்டிவிட்டது. மைக்கை வைத்துவிட்டு இறங்கப் போனாள்.

"இருங்க" என்றான் சித்தார்த். "எனக்கும் ரொம்ப நாளாச் சந்தேகம். இந்தப் பாட்டு எந்தச் சுருதியிலயும் நிக்க மாட்டேங்குது. ரெண்டு கட்டைக்கு நடுவுல கெடக்கு. ஏன்ணே?"

பேச்சிமுத்து கிட்டாரைத் தட்டினார். "சின்னச்சாமி செஞ்ச வேலைடா. கேசட் கடைக்காரன். பதினாலு பாட்டு, ஒரு கேசட்டுல அடையல. ஒரு பாட்டக் கொறைக்கச் சொன்னோம். ஓடுற டெக்குல மோட்டார் திருகை முடுக்கி, பாட்ட வேகமா ஓடவிட்டு அம்புட்டையும் ஏத்திட்டான். கேட்டா, ஆடுறவனுக்கு நல்லாருக்கும்ங்குறான்."

"நல்லாத்தான இருக்கு."

"அதாண்டா கொடுமை."

சித்தார்த் கண் விரிந்தது. வேகக் குமிழைக் கொஞ்சம் கொஞ்சமாக இறக்கினான். உருமி கனத்தது. பேஸ் தரைக்கு வந்தது. கீச்சுக் குரல் தடித்து, இறங்கி, ஓர் இடத்தில் வந்து நின்றது.

அது ஒரு பெரிய பெண்ணின் குரல். நடவுக் காட்டில் வரப்புக்கு வரப்பு கூப்பிட்டுப் பழகிய குரல்.

தமிழ்ச்செல்வி மைக்கை எடுத்தாள். பழைய குரலும் புதுக் குரலும் ஒரே வார்த்தையை ஒரே மாதிரி கடித்தன. 'லைட்டு' என்ற இடத்தில் அதே இழுப்பு, அதே மூக்கு. பேச்சிமுத்துவின் விரல் இப்போது ஒட்டிக்கொண்டது.

"அவங்கதாண்டா" என்று எவனோ சொன்னான். அது மண்டபம் முழுக்கப் பரவியது. விசில் கூரையைப் பிய்த்தது. பாட்டி என்றவன் நாற்காலி மேல் ஏறி நின்று ஆடினான்.

"நாத்து நட்ட கையி ரெண்டும்
தாளம் போடும் மச்சான்..."

இரண்டாவது சரணத்தை மூன்று முறை பாட வைத்தார்கள். வலித்த கையை எப்போது தூக்கினாள் என்று அவளுக்கே தெரியவில்லை.

இறங்கியதும் சித்தார்த் நெட்டில் தன் பக்கத்தில் இருந்த அந்தப் பாட்டைப் போனில் காட்டினான். 'பெயர் தெரியாத சிறுமி' போய், 'தமிழ்ச்செல்வி, வாடிப்பட்டி' என்று இருந்தது. அவள் அதை எழுத்துக் கூட்டிப் படித்தாள். மறுபடியும் படித்தாள்.

முனீஸ்வரியும் எட்டிப் பார்த்தாள். "நல்லாருக்கு. அந்த ரெண்டாவது சரணம் யாரு கட்டுனதுடி?"

"நீதான்."

"எங்க வச்சு?"

"கம்மாக் கழனி நடவுல. மறுநாளு நான் போயி அதையும் சேத்துப் பாடிட்டு வந்தேன்."

"பேரு போட்டா இம்புட்டு சந்தோசம் வருதுல்ல உனக்கு? எனக்கும் வரும்."

தமிழ்ச்செல்வி சித்தார்த்தைத் தேடினாள். கூட்டம் இன்னொரு தரம் கேட்டுக் கத்தியதில் அவன் மேடைக்கு ஓடியிருந்தான். அவளையும் நாலு கை பிடித்து மேலே இழுத்தது. சத்தம் ஏறியது, பாட்டு பறந்தது. பாடியவள் பேர் வந்துவிட்டது. இரண்டாவது சரணத்துக்கு முனீஸ்வரியின் பேர் இன்னும் பாக்கி.