வெற்றிச்செல்வி பெயர் போட்ட தெரு

கனடாவில் ஒரு சின்ன ஊரின் கடைத்தெருவில் உதிர்ந்து கிடந்த இலைகள் அத்தனையும் அக்டோபர் பதினான்காம் தேதி மக்காச்சோளமாகிவிட்டன. ஒரு இலைகூட பாக்கியில்லை. அங்கே அப்போது நடுச்சாமம், நமக்குக் காலை பத்தேமுக்கால். அதைச் செய்தவள் பெரம்பலூருக்கும் அரியலூருக்கும் நடுவே நல்லான்குடிகாட்டில் இருக்கும் வெற்றிச்செல்வி. வயது முப்பத்திரண்டு, படிப்பு பிளஸ் டூ. செய்த இடம் பால் சொசைட்டியின் மாடியறை. ஒரு கையில் டீ டம்ளர் இருந்தது. அவள் வேண்டுமென்று செய்யவில்லை என்பதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன், பிற்பாடு ஆளாளுக்கு வாய்க்கு வந்ததைச் சொன்னார்கள்.

அவள் பார்த்த வேலை இதுதான். ஓட்டுநர் இல்லாமல் ஓடப்போகிற கார்களுக்குத் தெருவைப் பற்றி ஒரு மண்ணும் தெரியாது. எது ஆள், எது நாய், எது குப்பைத்தொட்டி என்று யாராவது சொல்லித்தர வேண்டும். பெங்களூர் கம்பெனி ஒன்று உலகத்துத் தெருக்களையெல்லாம் படமாக அனுப்பும். லேப்டாப்பில் அந்தப் படத்தைத் திறந்து, ஒவ்வொன்றையும் சுற்றிக் கட்டம் வரைந்து பெயர் போட வேண்டும். வெற்றிச்செல்வி இதை இரண்டு வருடத்துக்கு முன்னால் பெரம்பலூரில் ஒரு மாத இலவச வகுப்பில் கற்றுக்கொண்டாள். அதுவரை பருத்தி எடுத்தவள், சின்ன வெங்காயத்துக்குத் தாள் அறுத்தவள். கற்றுக்கொண்டு வந்தவள் சும்மா இருந்தாளா? நாத்தனார் ராசாத்தியை இழுத்தாள், பிறகு இன்னும் ஆறு பேரை. மேஸ்திரி அதட்டல் கிடையாது, முதுகு எரியாது, மழை வந்தால் வேலை கெடாது. மாடியறையில் எட்டுப் பேரும் உட்கார்ந்து லண்டன் தெருவையும் டோக்கியோ தெருவையும் பக்கத்து ஊர் சந்தை மாதிரி பேசிக்கொண்டார்கள். கம்பெனி ஒரே ஒரு கண்டிஷன் போட்டிருந்தது. எட்டுப் பேரின் ஐடியும் வெற்றிச்செல்வியின் பெயரில் கட்டப்பட்டிருக்கும். பெயர் சரியாகப் போடுவதற்கு அவளுக்குத் தரும் மதிப்பெண் தொண்ணூற்றைந்துக்குக் கீழே போனால் எட்டும் போய்விடும்.

இப்போது அந்தத் தவறுக்கு வருவோம். தை பிறந்தால் நம் பக்கத்துத் தார் ரோட்டில் பாதி, வண்டிகளுக்கு இல்லை, மக்காச்சோளத்துக்கு. கல்லை வரிசையாக வைத்து, சோளத்தைப் பரப்பி, பெண்கள் அதற்குள் காலை இழுத்து இழுத்து நடந்து கிளறிவிடுவார்கள். பஸ் டிரைவர் திட்டிக்கொண்டே ஒதுங்கிப் போவார். இது பிறந்ததிலிருந்து பார்த்த கண்ணுக்கு, ஒரு தெருவின் ஓரம் முழுக்க மஞ்சளாகப் பரவிக் கிடந்தால் வேறென்ன தோன்றும்? வெற்றிச்செல்வி கட்டத்தை வரைந்து, ‘காயும் மக்காச்சோளம், ஒதுங்கிப் போகவும்’ என்று அர்த்தம் வருகிற மாதிரி இங்கிலீஷில் தட்டிவிட்டு அடுத்த படத்துக்குப் போய்விட்டாள். இதற்கு முன்னும் சில்லறையாக நடந்திருக்கிறது. போலந்தில் ஒரு தள்ளுவண்டியை இட்லிக்கடை என்று போட்டாள், மூன்று நாள் அதிலிருந்து ஆவி வந்தது. அந்த ஊர்க்காரர்கள் தின்றுவிட்டுக் கமுக்கமாக இருந்துவிட்டதால் யாருக்கும் தெரியவில்லை.

கனடாக்காரர்கள் அப்படி விடவில்லை. விடிந்ததும் கம்பெனிக்கு எழுதினார்கள். கம்பெனியின் சோதனை மெஷின் பழைய படத்தை எடுத்துப் பார்த்தது, இலை என்றது, மதிப்பெண்ணைத் தொண்ணூற்று மூன்றாக்கியது. புதன்கிழமை காலை எட்டு லேப்டாப்பும் ஒரே நேரத்தில் பூட்டிக்கொண்டன. வெள்ளிக்கிழமை ஐந்து மணிக்குள் பெயரை ‘இலை’ என்று மாற்றினால் திறக்கும், இல்லாவிட்டால் அவ்வளவுதான். வெற்றிச்செல்விக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. மறுபடி வெயிலில் குனிந்து பருத்தி எடுக்க வேண்டியதுதான்.

அரியலூரில் சுண்ணாம்புக்கல் லாரி ஓட்டும் அவள் புருஷன் பஞ்சநாதன் விஷயத்தைக் கேட்டுவிட்டு, சாப்பாட்டில் கை வைத்தபடி, “எலன்னு மாத்திட்டுப் போயேன். உனக்கென்ன வந்துது?” என்றான். ராசாத்தி, “எங்க எல்லாரு பொழப்பும் உன் வெரல்லதான் இருக்கு அண்ணி, பாத்துக்க” என்று மட்டும் சொன்னாள். வெற்றிச்செல்வியும் மாற்றிவிடுவது என்று முடிவெடுத்துத்தான் வெள்ளிக்கிழமை சாயங்காலம் நாலு மணிக்கு மேல் பெங்களூருக்குப் போன் போட்டாள்.

கம்பெனி அதிகாரி குருமூர்த்தி நல்ல மனிதர், விதியைத் தாண்டாதவர். அவள் மாற்றுவதற்கு முன்னால் அந்தத் தெருவை இன்னொரு தடவை பார்க்க வேண்டும் என்று கேட்டாள். கேமரா கார் முந்தின நாள்தான் அந்தப் பக்கம் போயிருந்தது, அந்தப் படத்தை அவள் போனுக்கு அனுப்பினார். அந்த ஊர் ஜனங்கள் சோளத்தை ரோட்டின் பாதிக்கு ஒதுக்கி, ஓரத்தில் கல் வைத்திருந்தார்கள். யாரும் அவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை. கம்பளிச் சட்டை போட்ட ஒரு பெண் காலுறையோடு அதற்குள் காலை இழுத்து இழுத்து நடந்துகொண்டிருந்தாள். வெற்றிச்செல்வி படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாள்.

“சார், இவங்க இத தின்னிருக்காங்களா?”

“ரெண்டு நாளா பள்ளிக்கூடத்துல அதுதாங்க மதிய சாப்பாடே.”

“இப்ப நான் எலன்னு மாத்தினா, அந்தப் புள்ளைங்க வயித்துல என்ன சார் இருக்கும்?”

குருமூர்த்தி விதிப் புத்தகத்தைப் புரட்டினார். அதில் இதற்குப் பதில் இல்லை. பிறகு, “ரூல் அதாங்க. அஞ்சு மணிக்கு எல்லா ஐடியும் போயிடும், நான் ஒண்ணும் பண்ண முடியாது” என்றார். நிஜமாகவே வருத்தப்பட்டார்.

“நான் மாத்தலைங்க சார்” என்றாள் வெற்றிச்செல்வி. சொன்ன பிறகுதான் அவளுக்குப் பயமே வந்தது. பின்னால் ஏழு பேர் நிற்கிறார்கள், திரும்பிப் பார்க்கத் தைரியம் இல்லை. “உங்க மெஷின் பழைய படத்தைத்தானே பாத்துச்சு? இந்தப் புதுப் படத்த காட்டுங்க. அது என்ன சொல்லுதோ அதுக்கு நான் கட்டுப்படறேன்.”

அதற்கு விதியில் தடை இருக்கிறதா என்று குருமூர்த்தி தேடினார். இல்லை. நாலு ஐம்பதுக்குப் படத்தை மெஷினுக்குக் கொடுத்தார். அது ஆற அமர யோசித்தது. மாடியறையில் எட்டுப் பேரும் ஒரே லேப்டாப்பைச் சுற்றி நின்றார்கள். கீழே பால் ஊற்ற வந்தவர்கள்கூடக் கேனை வைத்துவிட்டு மேலே ஏறி வந்துவிட்டார்கள். நாலு ஐம்பத்தேழுக்குத் திரையில் நூறு என்று வந்தது. ‘காயும் மக்காச்சோளம்’ என்பது சரி, ‘ஒதுங்கிப் போகவும்’ என்பதும் சரி. எட்டு லேப்டாப்பும் ஒன்றன்பின் ஒன்றாகத் திறந்துகொண்டன. ராசாத்தி அண்ணியைக் கட்டிக்கொண்டு ஓவென்று அழுதாள். வெற்றிச்செல்விக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்து விக்கல் எடுத்துவிட்டது, யாரோ கேனிலிருந்தே பாலை மோந்து கொடுத்தார்கள்.

அடுத்த மாதம் கம்பெனி அவளை மற்றவர்கள் போட்ட பெயரைச் சரிபார்க்கும் வேலைக்கு ஏற்றியது. அவள் போட்ட பெயர் தப்பாகத் தெரிந்தால், முதலில் நேரில் போய்ப் பார்த்துவிட்டு வந்து பேசவும் என்று விதிப் புத்தகத்தில் ஒரு வரி சேர்த்தார்கள். மறுவருடம் இலை உதிர்ந்ததும் அந்தக் கனடா ஊர் நகராட்சி கம்பெனியைக் கேட்காமல் அவளுக்கே நேராகப் படத்தை அனுப்பி ஒப்பந்தம் போட்டது. கடைத்தெருவில் சோளம் வேண்டும், பள்ளிக்கூடம் இருக்கிற பக்கம் பிள்ளைகள் விளையாட இலையாகவே இருக்கட்டும் என்று கேட்டிருந்தார்கள். அப்படியே செய்து கொடுத்தாள். அதற்கப்புறம் தங்கள் ஊர்த் தெருவுக்கும் பெயர் போடச் சொல்லி நார்வேயிலிருந்து ஒருவர் வந்தார், சிலியிலிருந்து இரண்டு பேர். ஆள் போதவில்லை. மாடியறைக்குப் பக்கத்து அறையையும் சொசைட்டியிடம் வாடகைக்குப் பிடித்தார்கள்.

போன திங்கட்கிழமை காலை பஸ்ஸில் திருமானூரிலிருந்தும் ஜெயங்கொண்டத்திலிருந்தும் பன்னிரண்டு பெண்கள் வேலை கேட்டு வந்து இறங்கினார்கள். வெற்றிச்செல்வி அவர்களை உட்கார வைத்து, கட்டம் வரைவதைக் காட்டிக்கொடுத்தாள். பிறகு, “பேரு போடறதுக்கு முன்னாடி நல்லாப் பாத்துக்கங்க. நீங்க போடற பேரோட அங்க யாரோ குடித்தனம் பண்ணணும்” என்றாள். பன்னிரண்டு பேரும் சரி என்று தலையாட்டிவிட்டு, ஆளுக்கொரு தெருவைத் திறந்தார்கள்.