சொட்டினால் சொல்

காலையிலேயே மெர்வின் மழைநீர்த் தொட்டியின் குழாயை விமானக் கொட்டகை வாசல்வரை இழுத்துப் போட்டுவிட்டார். காற்றுக் கசிவை நேற்றே ஒரு வழி பண்ணியாயிற்று. இலை ஊதும் இயந்திரத்தின் வாயைத் தானே கட்டிய குட்டி விமானத்துக்குள் விட்டுக் காற்றடைத்து, வெளியே சோப்புத் தண்ணீர் தடவி, குமிழி கிளம்பிய இடமெல்லாம் சிலிக்கோன் பிதுக்கி அடைத்தார். இறக்கையும் உடம்பும் சேரும் சந்துதான் பெரிய திருடன். போன குளிர்காலம் முழுக்க மனைவி நோரீனின் முழங்கால்களை விறைக்க வைத்தது அதுதான்.

தண்ணீர்ச் சோதனைக்கு இரண்டு பேர் வேண்டும். ஒருவர் வெளியே நின்று பீய்ச்ச, ஒருவர் டார்ச்சோடு உள்ளே உட்கார்ந்து, சொட்டும் இடத்தில் சாக்குக்கட்டியால் வட்டம் போட வேண்டும். உள்வேலை எப்போதும் நோரீனுடையது. இந்த அலுமினியத் தகடுகளுக்கு ரிவெட் அடித்த அத்தனை வருஷமும் வால் பொந்துக்குள் ஊர்ந்துபோய் ஆணியின் மறுமுனைக்கு இரும்புக் கட்டை தாங்கியவள் அவள். பெண்டாட்டியின் ஏச்சுக்குப் பயந்துதான் மெர்வின் விமானத்தை ஒழுங்காகக் கட்டினார் என்று விமானத் திடலில் இன்றைக்கும் கேலி பேசுவார்கள்.

அவள் பிறந்த ஃப்ளிண்டர்ஸ் தீவு கடலுக்கு நடுவே இருக்கிறது. வழியில் மழையில்லாத நாள் அபூர்வம். "அவங்களுக்கு ஊர் அடையாளம் தெரியற வரைக்கும்தான் போறதுக்கு அர்த்தம். தள்ளிப் போடாதீங்க" என்று அவள் மறதி நோயைப் பார்க்கும் டாக்டர் சொல்லிவிட்டார். சனிக்கிழமை அங்கே கிளம்புவதாக இருந்தது.

"சொட்டினா சொல்லு, நோரி."

"சொல்லாம விடுவேனா? போன தடவை நீ கட்டினது விமானமா, சல்லடை!"

அந்த வாய் அப்படியே இருந்தது. மெர்வினுக்கு நெஞ்சு நிறைந்தது. கண்ணாடி மூடியை இறக்கிவிட்டுக் குழாயைத் திறந்தார்.

முன் கண்ணாடி, மூடியின் விளிம்பு, பின்புற வளைவு என்று ஒவ்வொன்றாக நனைத்தார். உள்ளிருந்து சத்தமே இல்லை. "என்ன நெலவரம்?" என்று கத்தினார். நீர் வழியும் கண்ணாடிக்குப் பின்னால் அவள் கை அசைந்தது போலிருந்தது. இன்னும் அழுத்தி அடித்தார். ஒரு திட்டு இல்லை, ஒரு தட்டு இல்லை. "ஜெயிச்சுட்டான்யா கிழவன்!" என்று வேலியில் உட்கார்ந்திருந்த மேக்பைப் பறவையிடம் சொல்லிவிட்டு, குழாயைக் கீழே போட்டு ஓடிவந்து மூடியைத் தூக்கினார்.

பின் விளிம்பிலிருந்து அவள் தோளில் இன்னும் சொட்டிக்கொண்டிருந்தது. கம்பளிச் சட்டை உடம்போடு ஒட்டிக் கிடந்தது. மடி குட்டையாகியிருந்தது. சாக்குக்கட்டி உள்ளங்கையில் கரைந்து வெள்ளையாக ஒழுகியது. எங்கேயும் ஒரு வட்டம்கூட இல்லை.

"நோரி, ஏன் சொல்லல?"

அவள் இருக்கையின் விளிம்பை இறுகப் பிடித்திருந்தாள்.

"கீழ கடலு. இப்படி மழை கொட்டுது. உன் சீட்டு காலியா இருக்கு மெர்வ். யாரு ஓட்டறா?"

சனிக்கிழமை இல்லை என்று அவருக்குத் தெரிந்துபோயிற்று. இனி எந்தச் சனிக்கிழமையும் இல்லை. இறக்கையில் ஏறி, பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து, மூடியை இழுத்துச் சாத்தினார்.

"நாந்தான் ஓட்டறேன்."

"தீவு தெரியுதா?"

"தெரியுது."

"அப்ப மெதுவா இறக்கு."

அவர் ஈரமான அவள் கையை ஒரு கையிலும் கட்டுப்பாட்டுக் கோலை மறு கையிலும் பிடித்துக்கொண்டார். வெளியே, மூட மறந்த குழாயின் தண்ணீர் சக்கரங்களைச் சுற்றித் தேங்கிக்கொண்டிருந்தது.